எட்டாயிரம் அடி வரைக்கும்

பயணப் புத்தகம் எழுதுகிற யாருக்கும் மூச்சு வாங்குவதே இல்லை. முட்டி வலிப்பதில்லை. அவசரத்துக்கு ஒதுங்க இடம் தேடுவதும் இல்லை. ‘அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் மலை உச்சியில் நின்று கையை விரிக்கிறார்கள். அந்தச் சிறிது தூரம் எவ்வளவு தூரம், அதில் எத்தனை படி, நடுவில் உட்கார ஒரு கல்லாவது உண்டா என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க இந்தப் புத்தகங்களோடும் வரைபடங்களோடும் நான் சண்டை போட்டேன். வருஷம் இரண்டாகிறது, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சண்டை எனக்காக இல்லை, என் மனைவிக்காக. அவள் தெருப் பெருக்குகிற வேலை பார்த்தவள். விடியும் முன்னே ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போய், வருகைப் பதிவு கொடுத்து, தனக்கென்று ஒதுக்கின தெருக்களைப் பெருக்கிவிட்டு மத்தியானம் வருவாள். இருபத்தாறு வருஷம் அப்படி. வீடு இடிக்கிற தூசு, ரோடு தோண்டுகிற தூசு, பாலம் கட்டுகிற தூசு என்று இந்த ஊர் வளர்ந்த வளர்ச்சியெல்லாம் அவள் நெஞ்சுக்குள்தான் போய் உட்கார்ந்தது. ஒப்பந்தக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு முகத்துணி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். கடைசியில் வீசிங் வந்து வேலையை விட்டாள். இப்போது எங்கள் மாடிப்படி ஏறுவதற்குள் பாதியில் நின்று வாயில் மருந்துப் பம்ப் அடித்துக்கொள்ள வேண்டும்.

வேலையை விட்ட அன்று சாயங்காலம் அவள் ஒரே ஒரு ஆசை சொன்னாள். அதுவரை என்னிடம் எதையும் கேட்டவளில்லை.

“பனி பாக்கணும்யா. கையில அள்ளணும். பெருக்கவே வேணாத ஒரு ரோடு எப்டி கீதுன்னு ஒரு தடவ பாத்துடணும்.”

எங்கள் டாக்டரிடம் கேட்டோம். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஊதச் சொல்லிப் பார்த்தார். “போயிட்டு வாங்க. ஆனா இந்தக் குளிர்காலத்துக்குள்ளயே போங்க. அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். எட்டாயிரம் அடிக்கு மேல வேணாம். ஏத்தம் ஏறக்கூடாது. மூக்கையும் வாயையும் கம்பளியால சுத்திக்கிட்டு மெதுவா பாத்துட்டு வந்துடணும்” என்றார். அது அக்டோபர். பனி தாழ்ந்த இடங்களில் மார்ச் வரைக்கும் கிடக்கும் என்று கேள்வி. ஐந்து மாதம் கையில் இருந்தது.

இமாச்சலம் என்று முடிவு செய்தோம். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை வடக்கே போனதில்லை. எனக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. புத்தகம் வாங்கிப் படித்து, வரைபடம் வைத்துத் திட்டம் போட்டால் எந்த ஊரும் தெரிந்த ஊர்தான் என்று நினைத்தேன்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிற ஆள். லேத்தில் கடைந்து வருகிற உருப்படிகளை அளந்து, சரியாக இருந்தால் உள்ளே அனுப்புவேன், இல்லையென்றால் கழித்துப் போடுவேன். புதிதாக ஓர் அளவுக்கருவி வந்தால் அதை நம்பி உடனே வேலையைத் தொடங்க மாட்டோம். அளவு நன்றாகத் தெரிந்த ஓர் இரும்புக் கட்டையை முதலில் அதில் அளந்து பார்ப்போம். தெரிந்ததைச் சரியாகக் காட்டினால்தான் தெரியாததை அளக்க அதை எடுப்போம். புத்தகத்துக்கும் அதையே செய்தேன். இமாச்சலம் எனக்குத் தெரியாது, பெங்களூரு தெரியும். ஆகவே முதலில் பெங்களூரு.

அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் இந்தியா முழுக்கவும் காட்டுகிற ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. நான் பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து வீட்டில் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. இங்கிலீஷ் பட்டறையில் உருப்படிகளின் வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. மூன்றிலும் கோபப்படுகிற அளவுக்குப் படிக்க வரும். பெங்களூரு அத்தியாயத்தைத் திருப்பினேன். பூங்கா, அரண்மனை, பீர் கடை. வரைபடத்தில் மல்லேஸ்வரம் இருந்தது, அங்கே எந்தத் தெருவில் தோசை நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் ஸ்ரீராம்புரம் இருக்க வேண்டிய இடத்தில், பிஸ்கட் நிறத்தில் வெறும் காலியிடம். அத்தனை சந்து, அத்தனை வீடு, அத்தனை ஜனம், ஒரு எழுத்துக்கூட இல்லை. தோசை தின்ன வந்த மகராசன் தண்டவாளத்தைத் தாண்டவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“இன்னாண்ணா, புக்கு நல்லா இல்லியா?” என்றார் கடைக்காரர்.

“ஸ்ரீராம்புரமே இதுல இல்லியேப்பா.”

“அண்ணா, நீங்க இமாச்சலுக்குப் போறீங்களா, ஸ்ரீராம்புரத்துக்குப் போறீங்களா?”

“ரெண்டையும் ஒரே ஆளுதான எழுதிகீறான்? என் தெருவப் பாக்காதவன் அந்த மலைய மட்டும் ஒழுங்கா பாத்திருப்பானா?”

அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு எடுத்துக் கொடுத்தார். இரண்டும் என் சோதனையில் தோற்றன. வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினேன். அவள் பிதுக்கம் பருப்புக்கு அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். “ஆளே இல்லாத எடத்துல எனக்கு அத்தன குப்ப எங்கருந்துயா வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பிறகு ஒரு ட்ராவல்ஸ் கடையில் இலவசமாக ஒரு வரைபடம் கொடுத்தார்கள். வழவழப்பான தாள். அதில் தொப்பி போட்ட ஒரு பெண் ஆப்பிள் கூடையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் பாவாடைக்கு அடியில் ஒரு மாவட்டமே மறைந்துபோயிருக்கிறது. சாலைகள் எல்லாம் ரூல் தடி வைத்துப் போட்டது போல நேராக ஓடுகின்றன. எந்த ஊர் எவ்வளவு உயரம் என்று ஓர் எண் கிடையாது. மலை நாட்டுக்கு வரைபடம் போடுகிறவன் உயரத்தைப் போடாமல் ஆப்பிளைப் போடுகிறான் என்றால் அவனை என்ன செய்வது? கடைக்காரப் பையனிடம் கேட்டதற்கு, “சார், டென்ஷன் ஆகாதீங்க, டிரைவருக்கு எல்லாம் தெரியும்” என்றான். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணை அங்கேயே மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

தமிழில் ஒரு புத்தகம் கிடைத்தது. நம்மவர் ஒருவர் இமாச்சலம் போய்வந்து எழுதியது. இது சரியாக இருக்கும் என்று ஆசையோடு வாங்கினேன். என் மனைவிக்குத் தமிழ் படிக்க வராது, அவளும் கன்னடப் பள்ளியில் நாலாவது வரைக்கும் போனவள். ஆகவே சாயங்காலம் நான் வாய்விட்டுப் படிப்பேன், அவள் கேட்பாள். அதில் ஒரு மலைமேல் புத்த விகாரை. அங்கிருந்து பார்த்தால் பனிமலைகள் தெரிகிற அழகை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார். உள்ளம் உருகியது, கண் பனித்தது, சொல் மறந்தது. சொல் மறந்தவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். அங்கே ஏறிப்போக எத்தனை படி என்று ஒரு வரி இல்லை. பனியில் கால் வைத்தால் பொரியை மிதிப்பது போலச் சத்தம் வரும் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தார். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

“அத்த இன்னொரு தடவ படியேன்.”

“இதுலாம் ஏன்மே? படி எத்தினின்னு போட்லியே அந்தாளு.”

“படி இருக்கட்டும்யா. அத்தப் படி.”

படித்தேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

டிசம்பரில் அதே அவென்யூ ரோட்டுக்காரர் போன் செய்து, எனக்கென்றே ஒரு பழைய வரைபடம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் தங்கம். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைத்த வரைபடம், உயரம் அடிக் கணக்கில். ஆப்பிளும் இல்லை, உருகுகிற உள்ளமும் இல்லை. கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகினால் சமதளம். எனக்கு அது தாய்மொழி மாதிரி. கட்டத்தாள் வாங்கி, ஒவ்வொரு சாலையும் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று படம் போட்டேன். எட்டாயிரம் அடியில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே போகிற இடம் எல்லாம் தள்ளுபடி. ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. தரையெல்லாம் தாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாயா, ஈ.சி.ஜி. மாதிரி கீது” என்றாள்.

பெரிய கணவாய் தள்ளுபடி. ஏரி தள்ளுபடி. விகாரை தள்ளுபடி. கோட்டுக்குக் கீழே இருக்கிற ஊர்களில் பனி விழுமா, விழுந்தால் எத்தனை நாள் நிற்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. விழுந்தால் விழும், உங்கள் அதிர்ஷ்டம் என்கிறார்கள். அதிர்ஷ்டத்தை நம்பி மூச்சுவிட முடியாதவளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதா? இன்னும் ஒரு புத்தகம் வாங்கினேன். ஜனவரி போய்விட்டது. ரயில் டிக்கெட் போடவில்லை. அவளோடு வேலை செய்த தோழி ஒருத்தி வந்திருந்தாள். தரையில் கிடந்த தாள்களைப் பார்த்துவிட்டு, “ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஒதவுமாண்ணா?” என்று கேலி செய்தாள். கறிக்கு உதவாதது சுரைக்காயின் குற்றம், ஏட்டில் எழுதினவன் குற்றம், என் குற்றம் இல்லை என்று அவளோடும் சண்டைக்குப் போனேன்.

பிப்ரவரியில் அந்தத் தமிழ்ப் புத்தகத்தை எழுதியவரே பெங்களூருக்கு வந்தார். அல்சூர் பக்கம் ஓர் அரங்கில் கூட்டம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பேசி முடித்து, கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்தேன்.

“ஐயா, உங்க புத்தகத்துல அந்த விகாரைக்கு ஏறிப்போக எத்தனை படி?”

அவர் புன்னகை செய்தார். “நான் மலையைத்தான் பார்த்தேன், படியை எண்ணவில்லை. அழகை யாராவது எண்ணுவார்களா?”

அரங்கமே கை தட்டியது. எனக்குக் காது சிவந்துவிட்டது. “அழக எண்ண வேணாங்கய்யா. என் வீட்டுக்காரிக்கு மூச்சு எண்ணித்தான் கீது. படிய எண்ணுங்க” என்றேன். யாரோ கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். தன் மூச்சு கூட்டத்தில் பேச்சானது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை, தலை குனிந்துகொண்டாள். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முடிந்து டீ கொடுத்தார்கள். அந்த எழுத்தாளர் தாமே எங்களைத் தேடி வந்தார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். என் மனைவியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உண்மையச் சொல்லிடறேன் சார். நான் மேல ஏறவே இல்ல. எனக்கு முட்டி தேய்மானம். என்கூட வந்தவங்க ஏறிட்டு வந்து சொன்னாங்க, போட்டோ காட்டினாங்க. அத வெச்சு எழுதினேன்.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“கீழ ஒரு டீக்கடையில. கார் அங்க வரைக்கும் போகும்.”

நாலு பக்கம்! ஏறாத மலைக்கு நாலு பக்கம், உட்கார்ந்த டீக்கடைக்கு ஒரு வரி இல்லை. ‘எனக்கு முட்டி வலி, கீழேயே உட்கார்ந்துவிட்டேன்’ என்று அவர் எழுதியிருந்தால் அந்த ஒரு வரிக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். இந்த ஊரிலிருந்து வடக்கே போக ஆசைப்படுகிற எத்தனை வலிக்கிற முட்டிகளுக்கும் இளைக்கிற நெஞ்சுகளுக்கும் அந்த வரி வேண்டியிருக்கிறது! மனிதன் உட்கார்ந்து பார்த்த இடத்தை எழுத என்ன வெட்கம்? இதை அவரிடம் சொல்லலாம் என்று நான் மூச்சைத் திரட்டுவதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“அந்த டீக்கட வாசல்ல பனி கெடந்துச்சாங்க?”

“கெடந்துச்சேம்மா. வாசல்ல, பெஞ்சு மேல, எல்லா எடத்துலயும். ரெண்டு மணி நேரம் பனிக்கு நடுவுலதான் ஒக்காந்திருந்தேன்.”

“கையில அள்ளலாமா?”

“தாராளமா. மார்ச் பாதி வரைக்கும் இருக்கும்மா.”

அவள் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மெட்ரோவில் வரும்போது என் தோளைத் தட்டித் தட்டி, “காரு அங்கயே போவுமாம்யா, ஏறவே வேணாமாம்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை விரித்தேன். விகாரைக்குக் கீழே கார்ச் சாலை முடிகிற அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். கோடுகளை எண்ணினேன். திரும்ப எண்ணினேன். எட்டாயிரத்து முந்நூறு அடி.

“இன்னாயா?” என்றாள் பக்கத்தில் நின்றுகொண்டு.

“மேல போய்டிச்சு. முந்நூறு அடி ஜாஸ்தி.”

“வேணாமா?”

“டாக்டர் எட்டாயிரம்தான சொன்னாரு. வேணாம்மே. வேற எடம் பாக்கிறேன்.”

அவள் சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நானோ அந்த எழுத்தாளர்மேல் இன்னும் கோபமாக இருந்தேன். உயரத்தையாவது எழுதியிருக்கலாமே, ஒரு பெண்ணுக்கு வீணாக ஆசை காட்டிவிட்டாரே என்று இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். வேறு இடம் தேடினேன். மார்ச் வந்தது, பாதி போனது, பனிக்காலம் முடிந்தது. அடுத்த டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் முழுசாகத் திட்டம் போட்டுவிடுகிறேன் என்றேன்.

ஜூன் மழையில் அவளுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். இனிமேல் மலைப் பக்கமே வேண்டாம், ஊட்டிகூட வேண்டாம் என்றார். பிறகு, “நல்லவேளை, இமாச்சலம் போயிட்டு வந்துட்டீங்கல்ல?” என்று அவளைக் கேட்டார்.

அவளை முந்திக்கொண்டு நான் சொன்னேன். எல்லாம் தயாராக இருந்தது, ஆனால் அந்த இடம் எட்டாயிரத்து முந்நூறு அடி, அதனால் விட்டுவிட்டோம் என்றேன். அவர் பாராட்டுவார் என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எட்டாயிரம்னு நான் கோடா போட்டுக் கொடுத்தேன்? பத்தாயிரம், பன்னண்டாயிரம்னு மேல மேல போயிடாதீங்கன்னு சொன்னது. முந்நூறு அடியெல்லாம் ஒரு கணக்கா சார்? ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே. தாராளமா போயிருக்கலாம்.”

பீன்யாவில் எந்த அளவு என் மேஜைக்கு வந்தாலும் என் வாயில் முதலில் வருகிற கேள்வி, இதில் கூடக் குறைய எவ்வளவு விடலாம் என்பதுதான். மயிரிழை தடிமனுக்குக்கூட அதைக் கேட்காமல் ஓர் உருப்படியையும் நான் கழித்ததில்லை. புதிதாக வருகிறவன் கேட்காவிட்டால் அவனைத் திட்டித் தீர்ப்பேன். ஐந்து மாதம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த டாக்டரிடம் அதைக் கேட்கவில்லை. ஊரில் இருக்கிற எழுத்தாளனையெல்லாம் கேள்வி கேட்டேன். ஆப்பிள்காரியோடு சண்டை போட்டேன். உருப்படாதவன், நான் ஒருத்தன்தான்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“ஏன்யா, முந்நூறு அடின்னா எவ்ளோ?” என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். சொல்ல வரவில்லை. “தரையில நீட்டி வெச்சா, நம்ம வீட்லருந்து மெயின் ரோடு பால் பூத்து வரைக்கும் கீதே, அவ்ளோ” என்றேன்.

“அவ்ளோதானா?” என்றாள். பம்பை எடுத்து ஒரு முறை அடித்துக்கொண்டு, மூச்சு அடங்கின பிறகு சொன்னாள், “அத்த நான் காலைல டீ குடிக்கறதுக்கு முன்னாடியே பெருக்கிடுவேனேயா.”